எம்.வி. தாரகை இன்னும் கரை சேரவில்லை

நோயின் முதல் அறிகுறியை நான் நிலநடுக்கம் என்று அறிவித்தேன்.

கொசுவலையை மடித்துக்கொண்டிருந்தேன். நான்கு முனைகளையும் ஒன்றாகப் பொருத்தி, நடுவில் ஒரு மடிப்பு, பிறகு குறுக்கே ஒரு மடிப்பு. எப்போதும் அப்படித்தான். குறுக்கு மடிப்பின்போது சுவர் இடப்பக்கமாகச் சரியத் தொடங்கியது. அலமாரியும் கூடவே போனது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "பூகம்பம்! வெளிய ஓடுங்க!" என்று கத்தினேன்.

சுனாமிக்குப் பிறகு அந்தமானில் இந்தச் சொல்லை யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பை தொங்கும். ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், டார்ச், பிஸ்கட் எல்லாம் அதில் இருக்கும். என் கணவர் முருகேசன் அதை எடுத்துக்கொண்டு ஒரே தாவலில் வாசலைத் தாண்டினார். போர்ட் பிளேரின் லம்பா லைனில் எங்கள் சந்து முழுவதும் கதவுகள் திறந்தன. பாதி முகத்தில் சவர நுரையோடு ஒருவர், கையில் தோசைக் கரண்டியோடு ஒருவர் என எல்லோரும் மேட்டுப் பக்கம் நகர்ந்தார்கள்.

யார் வீட்டுப் பக்கெட்டிலும் தண்ணீர் அசையவில்லை. நிலநடுக்கத்தை நாங்கள் உறுதிசெய்யும் முறை அதுதான்.

கணவர் பையோடு திரும்பி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நான் கட்டிலைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன்.

"என்ன சுகந்தி, ஒன்னும் ஆடலையே?"

"ஆடுதுங்க. ஃபேனைப் பாருங்க."

"ஃபேன் சும்மாதான் நிக்குது. நீதான் ஆடுற."

பிறகு மருத்துவர்கள் நீளமாகச் சொன்னதையெல்லாம் அவர் அப்போதே சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

மருத்துவமனை நடைவழியில் சக்கர நாற்காலியில் காத்திருந்தபோது கண்ணைத் திறந்தால் வாந்தி, மூடினால் சுழற்சி. முதலில் பக்கவாதமாக இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். அது இல்லை என்று தெரிந்ததும் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் பெங்காலி டாக்டர் அம்மா. தீவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் கொஞ்சம் தமிழும் நிறைய ஹிந்தியும் கலந்து பேசுவார்.

"என் மூக்கையே பாருங்க," என்றார். பார்த்தேன். சட்டென்று என் தலையை ஒரு பக்கம் திருப்பினார். என் கண்கள் அவர் மூக்கைத் தவறவிட்டு, பின்னால் ஓடி வந்து பிடித்துக்கொண்டன. இன்னொரு பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் மூக்கு கைநழுவவில்லை.

"பஸ் (போதும்), கிடைச்சாச்சு," என்றார் மகிழ்ச்சியாக.

கிடைத்தது வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் (உட்காதிலிருந்து மூளைக்குச் சமநிலைச் செய்தி கொண்டுபோகும் நரம்பில் ஏற்படும் அழற்சி). பெரும்பாலும் ஏதோ ஒரு வைரஸின் வேலை. இரண்டு காதுகளும் ஒரே செய்தியைச் சொன்னால்தான் நாம் நேராக நிற்கிறோம் என்று மூளைக்குத் தெரியும். எனக்கு ஒரு காது பேசுவதை நிறுத்திவிட்டது. மறு காது சொல்வதை மட்டும் கேட்ட மூளை, நான் ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதாக முடிவு செய்துவிட்டது. என் கண்களில் நிஸ்டாக்மஸ் (கண்மணிகள் தாமாகவே பக்கவாட்டில் துடிப்பது) இருந்ததும் அதனால்தான்.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்களுக்கும் முதல் நாட்களில் தலைச்சுற்றல் மாத்திரை தருவார்கள். அது தேவாமிர்தம் போல இருக்கும். சில நாட்களில் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்துங்கள். அந்த மாத்திரை மூளையைத் தூங்க வைக்கிறது; மூளை விழித்திருந்தால்தான் ஒற்றைக் காதோடு வாழப் பழகும். நான் கெஞ்சியபோது டாக்டர் அம்மா கொடுக்க மறுத்துவிட்டார். அன்று அவரைப் பற்றி என் டைரியில் நான் எழுத நினைத்ததை, நல்லவேளை, எழுத முடியவில்லை.

அதுதான் என் உண்மையான துன்பம். எழுத முடியவில்லை.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புப் பிரிவில் இருக்கிறேன். அது சம்பளத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொடர்கதை எழுதுகிறேன். வாட்ஸ்அப் குழு ஒன்றில் வாரம் ஓர் அத்தியாயம் போடுவேன். போர்ட் பிளேரிலும் மற்றத் தீவுகளிலும் இருக்கும் தமிழர்கள் வாசிக்கிறார்கள். லாங் ஐலண்டில் நெட்வொர்க் வருவதும் போவதுமாக இருக்கும். அங்கே சரோஜா என்ற வாசகி, சிக்னல் கிடைக்கும்போது அத்தியாயத்தை இறக்கிவைத்து, போட்டுக்காக ஜெட்டியில் (படகுத்துறை) காத்திருக்கும் பெண்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். போட் சீக்கிரம் வந்துவிட்டால் திட்டுவார்களாம்.

துல்லியம் எனக்கு முக்கியம். கதையில் ஒருத்தி கப்பல் ஏறினால் அன்று கடல் எப்படி இருந்திருக்கும், பங்க் கிளாஸில் (கப்பலின் அடித்தளத்தில் வரிசையாகப் படுக்கைகள் போட்ட மலிவான வகுப்பு) எந்த மூலையில் மின்விசிறி வேலை செய்யாது என்பதெல்லாம் விசாரித்துத்தான் எழுதுவேன்.

நோய் வந்த வாரம் கதை எங்கே நின்றது என்று சொல்லிவிடுகிறேன். கணவன் கைவிட்ட காந்திமதி, சென்னையிலிருந்து எம்.வி. தாரகை என்ற கப்பலில் போர்ட் பிளேர் திரும்புகிறாள். பக்கத்துப் படுக்கையில் வசந்தா என்றொருத்தி. மூன்று நாள் பயணத்தில் இருவரும் உயிர்த்தோழிகள் ஆகிவிடுகிறார்கள். கப்பல் தீவை நெருங்கும்போது வசந்தா பர்ஸைத் திறக்கிறாள். ஒரு போட்டோ கீழே விழுகிறது. காந்திமதி குனிந்து எடுக்கிறாள். தொடரும்.

போட்டோவில் இருப்பது யார் என்று வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். காந்திமதிக்கு மட்டும் தெரியாது. அந்த நிலையில் அவளைக் குனிந்தபடியே விட்டுவிட்டு நான் படுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு விசாரிக்க வந்தவர்கள் அனைவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எந்த ஷிப்ல வந்தீங்க?"

எங்கள் ஊரில் தலைசுற்றல் ஒரு நோயே அல்ல. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர் அனைவருக்கும் ஒரு நாள் வீடு ஆடும். நான் இரண்டு வருடமாகக் கப்பல் ஏறவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். எலுமிச்சை இலை வந்தது. இஞ்சி வந்தது. காய்ந்த பொரி வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொன்னார்கள். எங்கள் ஜன்னலிலிருந்து தெரிவது எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

ராமலிங்கம் அண்ணன் மட்டும் விஞ்ஞானபூர்வமாக அணுகினார். வாழ்நாள் முழுக்கக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, ஊருக்குள்ளேயே ஜங்லிகாட் பகுதியில் இருப்பவர். என் கதையின் கப்பல் விவரங்களுக்கெல்லாம் அவர்தான் ஆதாரம். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தார்.

"கட்டில ஏன் ஓரமாப் போட்டிருக்கீங்க? ஓரத்துலதான் ரோலிங் ஜாஸ்தி. கப்பலுக்கு நடுவுல படுத்தா ஆட்டம் கம்மி. வீட்டுக்கும் அதே கணக்குத்தான்."

"அண்ணே, வீடு ஆடலண்ணே," என்றார் என் கணவர்.

"உங்களுக்கு ஆடல தம்பி. தங்கச்சிக்கு ஆடுதுல்ல?"

இருவரும் சேர்ந்து கட்டிலைத் தூக்கிக் கூடத்தின் நடுவில் போட்டார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் சமையலறைக்குப் போக வேண்டுமானால் என்னைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆட்டம் குறைந்ததா என்று கேட்டார்கள். நல்ல மனிதர்கள். குறைந்தது என்றேன்.

சுழற்சி சில நாட்களில் நின்றது. ஆனால் அசைவு போகவில்லை. தலையைத் திருப்பினால் உலகம் சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்து சேர்ந்தது. மோசமானது வாசிப்புதான். போன் திரையில் வரிகளை மேலே தள்ளினால் வயிறு புரளும். டைரியைத் திறந்தேன். கோடு போட்ட பக்கத்தில் கோடுகள் நீந்தின. ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அது சரக்கு ஒரு பக்கமாகச் சரிந்த தோணி போலக் கீழே இறங்கிப் போயிருந்தது. என்னுடைய டைரியில் அப்படியொரு வரி அதுவரை இல்லை. மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து அழுதேன். அழுதாலும் சுற்றியது.

டாக்டர் அம்மா பயிற்சிகள் கொடுத்திருந்தார். கைநீளத் தூரத்தில் சுவரில் ஓர் எழுத்தை ஒட்டிக்கொள்ள வேண்டும். கண்ணை அதிலிருந்து எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். நான் ஓர் அட்டையில் பெரிதாக 'கா' என்று எழுதி ஒட்டினேன். காந்திமதியின் முதலெழுத்து. தலையை அசைத்தால் 'கா' தவளை போலக் குதித்தது. சற்றுச் செய்வேன், குமட்டும், படுத்துக்கொள்வேன். மறுமுறை பரிசோதனைக்குப் போனபோது கண்டுபிடித்துவிட்டார்.

"லேட்கே டீக் நஹீ ஹோகா (படுத்தே கிடந்தால் சரியாகாது). படுத்துக்கிட்டே இருந்தா மூளை நினைக்கும், ஆஹா, இந்தம்மாவுக்கு பேலன்ஸே வேண்டாம்னு."

"பயமா இருக்கு டாக்டர்."

"பயந்துக்கிட்டே பண்ணுங்க. குமட்டினா நல்லது. மூளை படிக்குதுன்னு அர்த்தம்."

இதற்கிடையில் குழுவில் கொந்தளிப்பு. செய்திகளை வாசிக்க முடியாததால் சரோஜா எனக்காகக் குரல் செய்திகள் அனுப்புவார். கண்ணை மூடிக் கேட்பேன்.

"அக்கா, நீங்க ஆராமா ரெஸ்ட் எடுங்க. இங்க ஒரு அண்ணன் கேக்குறாரு, சென்னையிலேருந்து போர்ட் பிளேருக்கு மூணு நாளு, நாலு நாளு, தாரகை மட்டும் எத்தனை வாரமா வருதுன்னு. நான் சொன்னேன், அண்ணே, அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல, நீங்க நீந்தி வந்து சேருங்கன்னு."

அந்த நபரைச் சமாதானப்படுத்த ராமலிங்கம் அண்ணன் ஓர் அறிவிப்பு போட்டார். சரோஜா அதை வானொலிச் செய்தி போல வாசித்தார்: "எம்.வி. தாரகை துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுள்ளது. பெர்த் (கப்பலைக் கட்டும் இடம்) காலியில்லை. பயணிகள் பொறுமை காக்கவும்."

இதைவிட நம்பத்தகுந்த விளக்கத்தை எங்கள் தீவில் யாராலும் தர முடியாது. ஊர் கண்ணுக்குத் தெரிய, கப்பல் வெளியே நிற்க, உள்ளே இருப்பவர்கள் போனில் வீட்டுக்காரர்களிடம் சண்டை போடும் அனுபவம் எல்லோருக்கும் உண்டு. யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கடல் கொந்தளிப்பு என்று அறிவிப்பு வந்தது. அதற்கடுத்து, பைலட் (கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தி வருபவர்) விடுப்பில் இருக்கிறார் என்று. வாசகர்கள் ஒவ்வொருவராகக் கப்பலில் ஏறத் தொடங்கினார்கள். ஒருவர் கேன்டீனில் டீ தீர்ந்துவிட்டதாகப் புகார் கொடுத்தார். ஒருவர் மேல்தளத்தில் சீட்டு விளையாடக் கை தேடினார். காட்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெரியம்மா குரல் அனுப்பினார். அவர் குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து வந்தது.

"மகளே, நாங்க எல்லாரும் கப்பல்லதான் இருக்கோம். அந்தக் காந்திமதிப் புள்ளைய இன்னும் குனிஞ்சே நிக்க வெச்சிருக்கிறீங்க, அதுக்கு இடுப்பு ஒடைஞ்சிரும். நான் அவளுக்கு ஒரு நாக்காலி போட்டுக் குடுத்திருக்கேன். நீங்க ஆறுதலா வாங்க."

அந்தக் குரலை நான் பலமுறை கேட்டேன். ஒரு கதை நின்றுபோனால் வாசகர்கள் கலைந்துவிடுவார்கள் என்றுதான் பயந்திருந்தேன். இவர்கள் கப்பலுக்குள் நாற்காலி போடுகிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அறிவிப்புகள் எனக்கு மிகவும் வசதியாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வார விடுமுறை. பயிற்சியைக் குறைத்தேன். கூடத்தின் நடுவில் கிடந்து, பெர்த் காலியில்லாத கப்பலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி எழுதவே முடியாமல் போனாலும் தாரகை அங்கேயே நின்றுகொண்டிருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். இந்த எண்ணம் ஆறுதலாக இருந்தது. அது ஆறுதலாக இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தவும் செய்தது.

ஒரு மாலை என் கணவர் கடையிலிருந்து சீக்கிரம் வந்தார். ஜங்லிகாட்டில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். முதுகில் ஒரு முழு மூட்டை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து என் காலடியில் தொப்பென்று இறக்கினார். முகத்தில் வேட்டை முடித்து வந்தவரின் களை.

"வெங்காயம்," என்றார்.

"நம்ம ரெண்டு பேருக்கு எதுக்குங்க மூட்டை?"

"உனக்கு என்ன தெரியும், படுத்திருக்க. மார்க்கெட்ல வெங்காயம் கிடையாது. எல்லாவனும் உள்ள எடுத்து வெச்சுட்டான். கப்பல் வரல. வியாபாரிங்க குரூப்ல மெசேஜ் வந்துச்சு. நான் நம்ம தெரிஞ்ச பையன்கிட்ட சொல்லி பின்வாசல் வழியா எடுத்தேன்."

"எந்தக் கப்பல்?"

"ஏதோ புதுசாம். மெயின்லேண்ட்லேருந்து வாடகைக்கு, சார்ட்டர்ல எடுத்திருக்காங்களாம். வெங்காயம், உருளை எல்லாம் அதுலதான் இருக்காம். வெளிய நிக்குது, பெர்த் கிடைக்கல."

எனக்குக் காதுக்குள் ஏதோ அசைந்தது. இந்த முறை நோய் அல்ல.

"கப்பல் பேரு என்னங்க?"

"தாரகை."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"கண்ணால பார்த்தவங்க இருக்காங்க சுகந்தி. ராத்திரி வெளிய லைட் தெரியுதாம். மீன் பிடிக்கப் போன பசங்க சொன்னாங்களாம், பாவம், உள்ள இருக்குற ஜனங்களுக்கு டீகூட இல்லையாம்."

எங்களுக்குத் திருமணமாகி இவ்வளவு காலத்தில் என் கணவர் என் கதைகளில் ஒரு வரி வாசித்ததில்லை. எதிர்ப்பு ஒன்றுமில்லை, பேப்பரில்கூட அவர் வாசிப்பது வானிலையும் கப்பல் நேரமும்தான். நான் சிரிக்க ஆரம்பித்தேன். சிரித்தால் தலை ஆடுகிறது, தலை ஆடினால் வீடு ஆடுகிறது, வீடு ஆடியது இன்னும் சிரிப்பை மூட்டியது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் பயந்து வாந்திக்கு வைத்திருந்த பேசினை எடுத்துவந்தார்.

"ஏங்க, அது என் கப்பல்."

"உனக்கு எப்ப கப்பல்?"

"என் கதையில வர்ற கப்பலுங்க. நான் எழுதினது."

அவர் பேசினைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். மெல்ல அதன்மேல் உட்கார்ந்தார்.

"அப்ப வெங்காயம்?" என்றார்.

நடந்தது இதுதான். காய்கறி மொத்த வியாபாரி ஒருவரின் மனைவி என் வாசகி. அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே போன். ராமலிங்கம் அண்ணனின் ஓர் அறிவிப்பில், துல்லியத்துக்காக, சரக்கு விவரமும் இருந்தது. அதை எழுதச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். பழைய அத்தியாயத்திலேயே தாரகையின் சரக்கறையில் வெங்காயம் ஏற்றியிருந்தேன். வியாபாரி அதைப் படித்தார். தீவுக்காரர்கள் கப்பல் தாமதம் என்று கேட்டால் ஏன், எப்படி என்று கேட்க மாட்டார்கள். வெங்காயம் வாங்கப் போவார்கள்.

சற்று நேரத்தில் ராமலிங்கம் அண்ணனே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை.

"தங்கச்சி, கப்பலைக் கரையில கட்டுங்க."

"அண்ணே, உட்காருங்க."

"உட்கார நேரமில்ல. கப்பல் ஆபீஸ்லேருந்து என் பழைய சிநேகிதன் போன் பண்றான், ‘டேய் ராம், என்ன இது தாரகை, நம்ம லிஸ்ட்லயே இல்லையே’ன்னு. நாற்பது வருஷம் நான் ஒரு கப்பலுக்கும் பொய் நேரம் சொன்னதில்ல. நான் கதைன்னு சொல்லிப் பார்த்துட்டேன், மார்க்கெட்ல ஒருத்தனும் நம்பல. மறைக்கிறேன்னு நினைக்கிறானுங்க. நீங்க எழுதி உள்ள கொண்டுவந்தாதான் முடியும்."

"நீங்களே ‘வந்துவிட்டது’ன்னு ஒரு அறிவிப்பு போட்டுடுங்களேன்."

அவர் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். "அது எப்படிம்மா? கப்பலை வெளிய நிறுத்த நான் போதும். உள்ள கொண்டுவர பைலட் வேணும்ல?" என்றார். குரல் தணிந்திருந்தது. "எல்லாரும் உங்களுக்காகத்தான் வெளிய நிக்கிறோம்."

அவர் போன பிறகு டைரியை எடுத்தேன். கோடுகள் நீந்தின. மூடினேன். எதிரே சுவரில் 'கா' அட்டை. தலையைத் திருப்பிப் பார்த்தேன். குதித்தது, முன்னைப்போல அல்ல, கொஞ்சமாக. உள்ளங்கை அளவுள்ள எழுத்து என்றால் என் கண்களால் அதைப் பிடித்துக்கொள்ள முடிகிறது.

கணவரின் கடையில் பெட்டிகள்மேல் எழுதும் தடித்த மார்க்கர் பேனா வீட்டில் இருந்தது. பழைய மாதக் காலண்டர் தாள்களைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பி, அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கால்களை அகட்டி நின்றுகொண்டு 'கா'வுக்கு அடுத்து எழுதினேன்: ந்திமதி நிமிர்ந்தாள்.

ஒரு தாளுக்கு ஒரு வாக்கியம்தான் பிடித்தது. எழுதிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு தலையை இடமும் வலமும் திருப்பினேன். குமட்டியது. மூளை படிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த தாள். பல நாட்கள் அப்படிப் போயின. கூடத்துச் சுவர் நிறைந்து, சமையலறைக்குள் திரும்பி, அரிசி டின்னுக்கு மேலே கதை முடிந்தது. என் பழைய வாக்கியங்கள் நீளமானவை, காற்புள்ளிகள் நிறைந்தவை. காலண்டர் தாளில் காற்புள்ளிக்கு இடமில்லை.

தட்டச்சு செய்ய முடியாது என்பதால் என் கணவரிடம் போனைக் கொடுத்து, சுவரைப் பார்த்து வாசித்துக் குரல் செய்தியாக அனுப்பச் சொன்னேன். கடையில் சரக்குப் பட்டியல் வாசிக்கும் அதே தொனியில் ஆரம்பித்தார். "காந்திமதி நிமிர்ந்தாள். கையில் போட்டோ இருந்தது. அதில் அவள் புருஷன் இருந்தான்." கிளட்ச் கேபிள் ஒன்று, பிரேக் ஷூ ஒரு ஜோடி என்பது போலவே இருந்தது.

தாளுக்குத் தாள் நகர்ந்தார். காந்திமதி போட்டோவை வசந்தாவிடம் திருப்பிக் கொடுக்கிறாள். வசந்தா வெட்கத்தோடு, "இவருதான் அவரு. பார்க்க எப்படி இருக்காரு?" என்று கேட்கிறாள். சமையலறை வாசலில் என் கணவர் நின்றுவிட்டார்.

"ஏய் சுகந்தி. இரு. இந்த வசந்தாவுக்குத் தெரியுமா தெரியாதா?"

"வாசிங்க. ரெக்கார்டு ஆகுது."

"ஆகட்டும். தெரிஞ்சேதான் கூட வந்தாளா? அப்படின்னா இவ பெரிய கேடியா இருப்பா போலிருக்கே!"

"அடுத்த தாள்ல இருக்கு."

அவர் அரிசி டின்னை நோக்கி ஓடினார். அந்தக் காலடிச் சத்தமும் பதிவாகியிருந்தது. கடைசித் தாளில், "நல்லாருக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காந்திமதி பெட்டியை எடுத்துக்கொள்கிறாள். இருவரும் ஏணிப்படியில் ஒன்றாக இறங்குகிறார்கள். தாரகை கட்டப்பட்டுவிட்டது. என் கணவர் அந்தத் தாளின் ஓரத்தைத் தூக்கி, பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மெதுவாக, "அடிப்பாவி," என்றார். என்னையா, காந்திமதியையா என்று தெரியவில்லை. பதிவு அங்கே முடிந்தது. வெட்டவேண்டாம் என்று அப்படியே அனுப்பினேன்.

ராமலிங்கம் அண்ணன் தன் கடைசி அறிவிப்பைப் போட்டார்: எம்.வி. தாரகை பத்திரமாகக் கட்டப்பட்டது. அனைத்துப் பயணிகளும் நலம். சரக்கில் வெங்காயம் இல்லை, இருந்ததே இல்லை.

சரோஜாவின் குரல் வந்தது. பின்னால் ஜெட்டிப் பெண்களின் சத்தம். "அக்கா! போட் வந்து ஹாரன் அடிக்குது, ஒருத்தியும் ஏற மாட்டேங்குறா. அண்ணன் ஓடுனாரே, அந்த எடத்தைத் திரும்பப் போடச் சொல்றாங்க. எழுத்து மாறிப்போச்சுக்கா. சின்னச் சின்னதா இருக்கு. ஆனா குத்துது. இனி அண்ணனையே வாசிக்கச் சொல்லுங்க, சரியா?" காட்சால் பெரியம்மா ஒரே வரி அனுப்பியிருந்தார்: "என்ட நாக்காலிய எறக்கிட்டாங்களா?"

எங்கள் வீட்டில் வெகுகாலம் வெங்காயச் சாம்பார்தான்.

நான் முழுதாகக் குணமாகிவிட்டேனா என்று கேட்பீர்கள். அந்த நரம்பு பழையபடி பேசவில்லை. மூளைதான் பழகிக்கொண்டது. இருட்டில் சுவரைத் தொட்டு நடக்கிறேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்பாமல் உடம்போடு மெதுவாகத் திரும்புகிறேன். அலுவலகத்தில் இது எனக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள். டைரியில் வரிகள் மீண்டும் கோட்டின்மேல் நிற்கின்றன. ஆனால் எழுதாமல் போன பக்கங்களை நிரப்ப நான் முயலவில்லை. முன்பு ஒரு வெற்றுப் பக்கம் இருந்தால் தூக்கம் வராது. கதையை இன்னும் நின்றுகொண்டு, சுவரில்தான் எழுதுகிறேன். கட்டில் இன்னும் கூடத்தின் நடுவில்தான் இருக்கிறது. ஓரமாகத் தள்ள இருவருக்கும் தைரியம் வரவில்லை.

சமீபத்தில் கணவரின் கடைக்குச் சரக்கு வந்த கப்பலைப் பார்க்க அவரோடு ஹேடோ ஜெட்டிக்குப் போனேன். பயணிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தரையைத் தொட்டதும் ஒரு கணம் நின்று, காலை அகட்டி, நிலத்தை நம்பாமல் அடியெடுத்து வைத்தார்கள். நானும் அவர்கள் நடுவே அப்படியே நடந்துகொண்டிருந்தேன். அவர்களுக்கு நாளைக்குச் சரியாகிவிடும். எனக்கு எப்போது என்று கேட்பதை விட்டுவிட்டேன். அவர்களோடு நடக்கும்போது மட்டும், எனக்கு ஒன்றும் இல்லை என்றே தோன்றியது.

ஓர் ஆட்டோக்காரர் என் நடையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"ஆயியே மேடம், பார்த்து வாங்க. எந்த ஷிப்புல வந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பதில் சொன்னார்.

"தாரகை."

ஆட்டோக்காரர் என் பையை வாங்கிக்கொண்டார். "அச்சா, அதுவா! ரொம்ப நாள் வெளிய நின்னுச்சே," என்றார், பரிவோடு. "டீகூட இல்லையாமே உள்ள?"

"இல்லை," என்றேன். "ஆனா நாற்காலி போட்டாங்க."